கல்காளையை நகர்த்திய மூன்று மாடுகள்

ரொம்ப, ரொம்பப் பழைய காலம். எவ்வளவு பழசு என்று யாரும் கேட்காதீர்கள். நான் வாய்க்கு வந்த ஒரு கணக்கைச் சொல்வேன், உங்களால் சரிபார்க்க முடியாது, வீணாக இரண்டு பேருக்கும் நேரம் போகும்.

அந்தக் காலத்தில் மேட்டுநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் சேந்தன் என்கிற ராஜா. கதையில் வருகிற ராஜா தங்கமானவராக இருப்பார், இல்லையென்றால் கொடுங்கோலனாக இருப்பார். இவர் இரண்டும் இல்லை. சாப்பிட்ட பிறகு நல்லவர். சாப்பாட்டுக்கு முன்னால் பக்கத்தில் போகக் கூடாது. நம்மைப் போலத்தான்.

நாட்டின் கடைசியில் ஊசிப்பாறை என்று ஓர் ஊர். அங்கே பூவாயி என்று ஒரு பெண், செங்கோடன் என்று அவள் புருஷன். ஒரு கிணறு, ஒரு வண்டி, ஒரு துண்டு நிலம், அதில் சின்ன வெங்காயம். உழவுக்கும் இறைப்புக்கும் ஒரு ஜோடி மாடு. ஒன்று மயிலை, இன்னொன்று பில்லை. அவ்வளவுதான் சொத்து.

ஊசிப்பாறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற ஊரில் மாடு செத்தால் அழுவார்கள். இவர்களும் அழுவார்கள், நன்றாகவே அழுவார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மாரப்பரைக் கூப்பிடுவார்கள். மாரப்பர் தோல்வேலை தெரிந்தவர். செத்த மாட்டின் தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்தி, அந்த வீட்டுக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து கொடுப்பார். கொம்பும் வீண் போகாது, வால்மயிரும் வீண் போகாது.

இதில் என்ன அதிசயம், எல்லா ஊரிலும்தானே செய்தார்கள் என்பீர்கள். பொறுங்கள். அதிசயம் இனிமேல்தான். செய்த சாமானுக்கு அந்த மாட்டின் பெயரையே வைப்பார்கள். பெயரோடு விடமாட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று தொழுவத்தில் நிற்கிற மாட்டுக்குப் பொட்டு வைத்தால், சுவரில் தொங்குகிற மாட்டுக்கும் பொட்டு வைப்பார்கள்.

பூவாயி வீட்டில் அப்படி மூன்று இருந்தன.

முதலாவது காரி. உயிரோடு இருந்தபோது தொட்டித் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு, இன்னும் எங்கே என்று பார்க்கிற மாடு. இப்போது அது தோல்சால். கிணற்றில் விட்டு மாடு கட்டி இழுத்தால் வயிறு நிறையத் தண்ணீர் கொண்டுவரும். வால் மாதிரி ஒரு தோல்குழாய் அதற்கு உண்டு. அதை அவிழ்த்துவிட்டால் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும்.

இரண்டாவது செவலை. பிடித்தால் விடாது. ஒரு முறை செங்கோடனின் வேட்டியைக் கவ்விக்கொண்டு சந்தை வரைக்கும் வந்ததாம். இப்போது அது வார். தோலை வட்டமாகச் சுற்றிச் சுற்றி அறுத்து எடுத்த நீளமான வார், வண்டியில் நுகத்தைக் கட்டுவதற்கு.

மூன்றாவது விரிகொம்பன். சாது. அதன் கொம்பில் ஒன்றைக் குடைந்து, கூர்முனையில் ஒரு துளை போட்டிருந்தார்கள். வண்டி அச்சுக்கு மை ஊற்றுகிற கொம்பு அது. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்தால் வண்டிமை.

ஆக, பூவாயி வீட்டில் உயிருள்ள மாடு இரண்டு. வேலை செய்கிற மாடு ஐந்து. இதை மனசில் வையுங்கள். எல்லா வம்பும் இதிலிருந்துதான் வந்தது.

அந்த வருஷம் ராஜா ஒரு கோயில் கட்டினார். கோயில் வாசலுக்கு ஒரு பெரிய கல்காளை வேண்டும் என்றார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலையில் செதுக்கினார்கள். நிஜமாகவே அழகான காளை. திமில் மட்டும் ஒரு குடிசை உயரம். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் அது கோயிலுக்கு வந்துசேர வேண்டும். அதை ஏற்றுவதற்கென்றே ஒரு பெரிய வண்டி செய்தார்கள். இழுக்க மாடு வேண்டுமே?

ராஜா ஆணை போட்டார். ஒரு ஜோடி மாடு உள்ளவர்கள் பயப்பட வேண்டாம், அதைத் தொடமாட்டோம். ஜோடிக்கு மேல் வைத்திருப்பவர்கள் மிச்சத்தை அனுப்ப வேண்டும். காளை கோயிலுக்கு வந்ததும் திருப்பித் தருவோம்.

நியாயமான ஆணைதான். ஆனால் ஆணையைக் கொண்டுவந்த தாண்டவராயன் என்கிற அதிகாரி அவசரக்காரன். குதிரையை விட்டு இறங்கமாட்டான். வேலிக்கு வெளியே நின்றபடியே செங்கோடனைக் கேட்டான்.

"ஏய், உங்க வூட்டுல எத்தன மாடு வேலை செய்யுது?"

செங்கோடனுக்குப் பொய் வராது. யோசனையும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

"அஞ்சுங்க" என்றான்.

"பேரு?"

"மயிலை, பில்லை, காரி, செவலை, விரிகொம்பன்."

"மூணு மாட்டை ஆத்தங்கரைக்கு ஓட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டான். தொழுவத்தை எட்டிப் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

செங்கோடன் மாடு ஓட்டிக்கொண்டு வரவில்லை என்றதும் அதிகாரி ஆட்களோடு திரும்பி வந்தான். தொழுவத்தில் இரண்டு மாடு நின்றது. "மத்த மூணையும் எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்றான். செங்கோடன் சுவரைக் காட்டினான். அதிகாரிக்கு அது கிண்டலாகப் பட்டது. முகம் சிவந்துபோய், மயிலையையும் பில்லையையும் அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பூவாயி வயலிலிருந்து வந்து பார்த்தாள். தொழுவம் காலி.

"ஏனுங்க, அஞ்சுன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"வேலை செய்யறது எத்தனைன்னுதான் புள்ளே கேட்டான். அஞ்சுதானே செய்யுது?"

பூவாயி திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் சொன்னதில் என்ன தப்பு?

ஆனால் வெங்காயத்துக்கு இதெல்லாம் தெரியாது. அதற்குத் தண்ணீர் வேண்டும். மாசி மாத வெயில் கல்லைப் பிளந்தது. மாடு இல்லாமல் இறைக்க முடியாது. இரண்டொரு நாளில் தண்ணீர் விடாவிட்டால் அத்தனையும் கருகிவிடும். கருகினால் அந்த வருஷம் முழுக்கச் சோற்றுக்கு வழியில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசனை சொல்ல வந்தார்கள். யோசனைக்கு மட்டும் எந்த ஊரிலும் பஞ்சம் கிடையாது.

ஒருவர் சொன்னார்: "வாய் தவறிச் சொல்லிட்டோம்னு ராசா கால்ல விழுந்துரு." பூவாயி, "வாய் தவறலையே" என்றாள்.

இன்னொருவர் சொன்னார்: "உம் புருசனுக்குப் புத்தி சுவாதீனம் இல்லேன்னு சொல்லீரு." செங்கோடன், "நான் இங்கதான் நிக்கறேன் மாமா" என்றான்.

மூன்றாவது ஆள் சொன்னார்: "செத்துத் தொலைஞ்சதையெல்லாம் எதுக்குப் புள்ளே கணக்குல சேத்தறே? அதெல்லாம் வெறும் தோலு, கொம்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. மாடு திரும்பி வந்துரும்."

பூவாயிக்கு இது ஒன்றுதான் உறைத்தது. அவள் சுவரைப் பார்த்தாள். நேற்று வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது காரி. வண்டியில் நுகத்தைக் கட்டி வைத்திருந்தது செவலை. வெறும் தோல் என்று வாயால் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, அதே காரியைத் தூக்கி எந்த முகத்தோடு கிணற்றில் விடுவது?

"அப்பிடிச் சொல்ல மாட்டேன்" என்றாள். தோல்சாலை மடித்துத் தலையில் வைத்தாள். வாரைச் சுருட்டிச் செங்கோடனின் தோளில் மாட்டினாள். கொம்பு நிறைய வண்டிமையை அடைத்து, முனையில் துணியைச் செருகி இடுப்பில் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள்.

அக்கரையில் கல்காளை வண்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வண்டி நகரவே இல்லை. நாடு முழுவதிலுமிருந்து வந்த மாடுகள் நுரை தள்ள நின்றன. சாட்டைக்காரர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ராஜாவே நேரில் வந்து காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். இன்னும் சாப்பிடவில்லை. பூவாயியின் நேரத்தைப் பாருங்கள்.

"மகாராசா, இவங்கதான் மூணு மாட்டை ஒளிச்சு வெச்சவங்க" என்றான் தாண்டவராயன்.

"ஒளிக்கலைங்க, கொண்டாந்துட்டோம்" என்று சொல்லி, மூன்றையும் தரையில் வரிசையாக வைத்தாள் பூவாயி. "இது காரி, இது செவலை, இது விரிகொம்பன்."

ஆற்றங்கரை முழுக்கச் சிரித்தது. ஒருவன், "தண்ணி காட்டுங்கப்பா, களைச்சு வந்திருக்கும்!" என்றான். இன்னொருவன் கொம்புக்கு ஒரு பிடி புல்லை நீட்டினான். தாண்டவராயனுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ராஜா சிரிக்கவில்லை. பசி.

"இதெல்லாம் செத்த மாடு" என்றார்.

"ஆமாங்க சாமி. செத்துப்போச்சுங்க. ஆனா வேலை செய்யுதுங்க."

"இது தோல். இது கொம்பு. மாடு இல்லைன்னு சொல்லு. உன் ஜோடியை இப்பவே அவிழ்த்து விடுறேன்."

"சொல்ல மாட்டனுங்க சாமி. பொய்யாப் போயிரும்."

ராஜா மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து என்று சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. செங்கோடன் பூவாயியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். பூவாயிக்கும் பயம்தான். ஆனாலும் சொன்னாள்.

"எங்க வூட்டுல அஞ்சு மாடு வேலை செய்யுதுங்க சாமி."

"சரி" என்றார் ராஜா. "செய்யட்டும். இந்தக் கல்காளை ஆற்றைத் தாண்டிக் கோயில் பக்கத்துக் கரை ஏறணும். உன் மூணு மாடும் அதைச் செஞ்சு காட்டினா உன் ஜோடி உனக்கு. செய்யலைன்னா ஜோடி எனக்கு. கோயில் முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் மாட்டோட மாடா நின்னு இழுக்கணும்."

பூவாயி வண்டியைச் சுற்றி வந்தாள். வண்டி வைத்திருக்கிறவள் கண்ணுக்குத் தெரியாதா? சக்கரத்தின் வெளியே மையை அப்பி அப்பி வைத்திருந்தார்கள். உள்ளே அச்சு எலும்பாகக் காய்ந்து கிடந்தது. கல்லின் பாரத்தில் சக்கரத்தைக் கழற்றவும் முடியாது. கை நுழையாத சந்து. அங்கே போகிறதற்கென்றே வளைந்து, கூராக, துளையோடு ஒரு சாமான் வேண்டும்.

"விரிகொம்பா, போ சாமி" என்று சொல்லிக் கொம்பின் முனையைச் சந்தில் விட்டாள். மை உள்ளே இறங்கியது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இறங்கியது. மாடுகளைப் பூட்டி ஓட்டினார்கள். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது! ஆற்றங்கரை கூச்சல் போட்டது. புல் நீட்டினவன் புல்லைக் கீழே போட்டான்.

படார்! வடம் அறுந்தது. முன்னால் நின்ற மாடுகள் ஓட, பின்னால் நின்ற வண்டி அங்கேயே நின்றுவிட்டது.

தேங்காய் நார் வடம் அது. வண்டியின் மரத்தோடு உரசுகிற அதே இடத்தில் தினமும் அறுந்ததாம். முடிச்சுப் போட்டுப் போட்டு வடம் முழுக்க முடிச்சு. பூவாயி வாரைத் தண்ணீரில் நனைத்தாள். மரத்தையும் வடத்தையும் சேர்த்து வைத்துச் சுற்றினாள். செங்கோடன் காலை உதைத்து இழுத்து இறுக்கினான்.

"ஓட்டு!" என்றான் தாண்டவராயன்.

"ஓட்டாதீங்க!" என்றாள் பூவாயி. "ஈர வாரு நழுவும். காய்ஞ்சாத்தான் இறுக்கும். வெயில்ல காயட்டும்."

"மகாராசா காத்துக்கிட்டு நிக்கறாரு, உன் வாரு காயற வரைக்கும் நிக்கோணுமா?"

"நிக்க வேண்டாம், உக்காரச் சொல்லுங்க. சாப்பிடச் சொல்லுங்க."

ராஜாவை இப்படிச் சொன்னவர்கள் யாரும் அதுவரை கிடையாது. ராஜா வெயிலைப் பார்த்தார், வாரைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்து சாப்பிட்டார். கம்மஞ்சோறும் மோரும். அன்றைக்கு நடந்த நல்ல காரியங்களில் பாதி இதனால்தான் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

அவர் கை கழுவி வருவதற்குள் வார் காய்ந்து, மரத்தோடு மரமாகப் பிடித்துக்கொண்டது. மாடுகள் வெடுக்கென்று இழுத்தன. வார் ஒரு விரற்கடை நீண்டு கொடுத்தது. ஆனால் விடவில்லை. முந்தி இழுத்த மாடும் பிந்தி இழுத்த மாடும் அந்த ஒரு விரற்கடை இளக்கத்தில் ஒரே இழுப்பாக ஒன்றுசேர்ந்துகொண்டன. வண்டி கரையிறங்கி ஆற்று மணலுக்குள் வந்தது.

"செவலை விடாதுங்க. எனக்குத் தெரியும், எம் வேட்டியக் கேளுங்க" என்று செங்கோடன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினான்.

ஆற்றில் தண்ணீர் கிடையாது. மாசியில் எங்கே இருக்கும்? வறண்ட மணல், மாவு மாதிரி. சக்கரம் இறங்கியது, இறங்கியது, அச்சு நுழைகிற நடுக்குடம் வரைக்கும் இறங்கியது. கல்காளை மணலில் படுத்துவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். பூவாயியும் தலையில் கை வைத்தாள். இத்தனை தூரம் வந்து இங்கேயா?

நனைந்த மணல் கெட்டியாக நிற்கும். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஊற்றுத் தோண்டி, பானையில் மொண்டு பார்த்தார்கள். ஊற்றில் தண்ணீர் கணுக்கால் ஆழம்தான். பானை சாய்ந்து படுத்தது, பாதி நிறைந்தது, கல்லில் பட்டு உடைந்தது. உடைந்த ஓடு ஒரு குவியல் சேர்ந்ததுதான் மிச்சம்.

"காரியைக் கொண்டாங்க" என்றாள் பூவாயி. அப்புறம் ராஜாவைப் பார்த்தாள். "சாமி, காரி தனியா நடக்காதுங்க. மயிலையும் பில்லையும்தான் அதுக்குச் சோடி. அதுங்களைக் கொஞ்சம் அவிழ்த்து விடோணுங்க."

ராஜா இப்போது சாப்பிட்டவர் ஆயிற்றே. "விடுங்கப்பா" என்றார்.

மயிலையும் பில்லையும் பூவாயியைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி நக்கின. அவள் அவற்றைச் சாலோடு பூட்டினாள். தோல்சால் ஊற்றில் இறங்கித் தரையோடு தரையாகத் தளர்ந்து படுத்தது. கணுக்கால் தண்ணீரை அப்படியே வாரி விழுங்கியது. மாடுகள் இழுக்க, மணல் சரிவில் கன்றுக்குட்டி மாதிரி வழுக்கிக்கொண்டே வந்தது. உடையவும் இல்லை, சிந்தவும் இல்லை. சக்கரத்துக்கு முன்னால் வந்ததும் செங்கோடன் வாலை அவிழ்த்தான். தண்ணீர் குபுகுபு என்று கொட்டியது.

"இன்னும் குடி காரி, இன்னும் குடி!" என்று பூவாயி கத்தினாள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கை துறுதுறுத்தது. ஒருவர் மண்வெட்டி எடுத்து வேறோர் இடத்தில் ஊற்றுப் பறித்தார். பெண்கள் நனைந்த மணலை மிதித்து இறுக்கினார்கள். மிதிக்கிறது கும்மியாக மாறியது. யாரோ பாட்டெடுத்தார்கள். தண்ணீர் முன்னே போக, வண்டி பின்னே வந்தது. தண்ணீர் போனது, வண்டி வந்தது. தாண்டவராயன் குதிரையை விட்டு இறங்கி, அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு, சேற்றில் நின்று சக்கரத்தைத் தள்ளினான். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஆள் அவசரக்காரனே தவிர சோம்பேறி இல்லை.

பொழுது சாய்வதற்குள் கல்காளை கோயில் பக்கத்துக் கரை ஏறியது. அதற்கப்புறம் கோயில் வரைக்கும் கெட்டித் தரை. ஆற்றங்கரை முழுக்கக் குலவை. சேற்றில் விழுந்து எழுந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

ராஜா வண்டியைச் சுற்றி வந்தார். வாரைத் தொட்டுப் பார்த்தார். கொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரம் சொட்டுகிற தோல்சாலைத் தட்டிக் கொடுத்தார், உயிருள்ள மாட்டின் விலாவைத் தட்டுகிற மாதிரியே.

"நூறு மாடு கட்டி நகராததை இந்த மூணும் நகர்த்திருச்சு. இதை எனக்குக் குடுத்துரு. கோயில்லயே வைக்கிறேன். உனக்கு வேணுங்கிறதைக் கேள்."

"எனக்கு எம் மாடுதாஞ் சாமி வேணும். அஞ்சும் வேணும். ஊருல வெங்காயம் காயுது, நாங்க போறோமுங்க."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்து, "இந்த அம்மா வீட்டில் ஐந்து மாடு வேலை செய்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்" என்று சத்தமாகச் சொன்னார். பூவாயி செவலையை அவிழ்த்துக்கொண்டாள். அதன் இடத்தில் கட்டுவதற்கு மாரப்பரை வரவழைத்து வேறு வார் செய்துகொள்ளுங்கள் என்று தாண்டவராயனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வழியில் செங்கோடன் கேட்டான். "ஏம் புள்ளே, இனிமே யாராச்சும் வந்து கேட்டா எத்தனைன்னு சொல்லட்டும்?"

"அஞ்சுன்னே சொல்லுங்க. ஆனா எதுக்குக் கேக்கறீங்கன்னு மொதல்ல கேட்டுட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போய் உட்காரக்கூட இல்லை. நேராக வயலுக்குப் போனார்கள். வெங்காயத் தாள் தலை தொங்கி மண்ணில் கிடந்தது. மயிலையையும் பில்லையையும் பூட்டிக் கிணற்றில் சாலை இறக்கினார்கள். தண்ணீர் வாய்க்காலில் ஓடி, ஒவ்வொரு பாத்தியாக நிறைந்தது. கடைசிப் பாத்தி நிறையும்போது, முதல் பாத்தியில் தாள் நிமிர ஆரம்பித்திருந்தது. பூவாயி வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான், நீதியை நேராகவே சொல்லிவிடுகிறேன்: நமக்காக உழைத்தவர்களை நம் வசதிக்காக இல்லையென்று மறுக்காதவர்களுக்கு, இக்கட்டு வந்த நாளில் துணைக்கு ஆள் குறையாது.